மின்சாரம் யாரையும் தாக்குவதில்லை

'மின்சாரம் தாக்கித் தொழிலாளி பலி' என்று பத்திரிகைகள் போடுகின்றன. நாமும் காப்பியை ஆற்றிக்கொண்டே படித்துவிட்டு, "ஐயோ, பாவம்!" என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். வார்த்தைகளை வைத்துப் பிழைக்கிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: அந்த நாலு வார்த்தைகளுக்குள் ஒரு பொய் இருக்கிறது.

மின்சாரம் யாரையும் தாக்குவதில்லை. புலி தாக்கும், பாம்பு தீண்டும். அவற்றுக்குப் பசியும் பயமும் உண்டு. மின்சாரம் நாம் விட்ட வழியில் போகும், அவ்வளவுதான். அந்த வழியில் ஒருவனுடைய கையும் நெஞ்சும் காலும் இருந்தால், அப்படி வழி விட்டது யார் என்றல்லவா கேட்க வேண்டும்? 'மின்சாரம் தாக்கி' என்று எழுதினால் குற்றவாளி அகப்பட்டுவிடுகிறான். ஆனால் அவனைக் கூண்டில் ஏற்ற முடியாது. மற்ற எல்லாருக்கும் விடுதலை!

விஷயம் இதுதான். மோட்டாருக்குள் கம்பியின் மேலுறை கெட்டு, இரும்புக் கூட்டில் மின்சாரம் கசிகிறது. எர்த் கம்பி ஒழுங்காக இருந்தால் அதன் வழியே போய்விடும். ஃப்யூஸும் எரிந்து ஆபத்தை அறிவிக்கும். எர்த் கம்பி அறுந்து கிடந்தால்? ஒன்றும் ஆகாது! மோட்டார் முன்போலவே ஓடும். தறி நெய்யும், லேத் சுழலும், லாபக் கணக்கு ஏறும். ஈரக் கையோடு ஒருவன் வந்து தொடுகிற வரையில் குறை எதுவும் வெளியே தெரியாது.

அநியாயம் குடியிருப்பது இங்கேதான். பெல்ட் அறுந்தால் ஒரு மணி நேரத்தில் புதுசு வருகிறது. எர்த் கம்பி மட்டும் 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.' ஏன்? அது இல்லாவிட்டாலும் உற்பத்தி நிற்பதில்லை.

"ஃப்யூஸ் போட்டிருக்கிறோமே, ஸார்?" என்பார்கள். ஃப்யூஸ் கம்பியைக் காப்பாற்ற ஏற்பட்டது, மனிதனை அல்ல. கலிபோர்னியாவில் டால்சீல் என்ற பேராசிரியர் மனிதர்களை வைத்தே சோதித்துப் பார்த்தார். ஓர் ஆணின் கை, பிடித்ததை விட முடியாமல் இறுகிப்போகச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர் போதும். இதயத்தின் துடிப்பு தாறுமாறாகி உயிர் போக 100 மில்லி ஆம்பியர் போதும். 15 ஆம்பியர் ஃப்யூஸோ 15,000 மில்லி ஆம்பியர் வரை அசையாது! 30 மில்லி ஆம்பியர் கசிந்ததுமே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி ஒன்று உண்டு. உங்களில் பலர் குழந்தைகளை நினைத்து அதை வீட்டில் பொருத்தியிருப்பீர்கள். மிகவும் நல்லது. நீங்கள் உடுத்தியிருக்கும் துணியை நெய்தவனுக்கு அந்தக் காவல் உண்டா?

"அவன் அஜாக்கிரதையாக இருந்தான்" என்று அடுத்த சமாதானம் வரும். செத்தவன் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை என்ற தைரியம்! பன்னிரண்டு மணி நேரம் நின்று உழைத்தவன் அயரத்தான் செய்வான். அவன் ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் கை வைத்திருப்பான். விவரம் தெரியாத இன்னொருவன் அதைப் போட்டிருப்பான். இதற்கு மருந்து, ஸ்விட்சுக்கு ஒரு பூட்டு. சாவி, பழுது பார்க்கிறவன் பையில். அமெரிக்காவில் 1989-இலேயே இதை விதியாக்கிவிட்டார்கள். பூட்டு என்ன விலை, ஐயா?

நம்மிடமும் விதிகள் இல்லாமலில்லை. 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளே எர்த்தைக் கட்டாயமாக்கின. ஆனால் போய்ப் பார்க்க ஆள் வேண்டுமே! 1948-ஆம் ஆண்டுச் சட்டம், மின்விசையோடு 10 பேர் வேலை செய்தாலே அதைத் தொழிற்சாலை என்றது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பு அந்தப் பத்தை இருபதாக்கிவிட்டது. பத்தொன்பது பேர் உழைக்கும் பட்டறை இப்போது தொழிற்சாலையே அல்ல. அங்கே வருகிற மின்சாரம் மட்டும் ஆட்களை எண்ணிப் பார்த்துக் குறைந்துகொள்ளுமா?

ஆயுத பூஜையன்று மோட்டாருக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம். திருஷ்டி கழியப் பூசணிக்காய் உடைக்கிறோம். செய்யுங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்கு முதல் நாள், தொழில் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு எர்த்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அதைச் செய்யாத இடத்தில் ஓர் உயிர் போனால், பத்திரிகைக்காரர்களே, தயவுசெய்து இப்படிப் போடுங்கள்: 'எர்த் போடாத முதலாளியின் பட்டறையில் தொழிலாளி பலி.' இரண்டு வார்த்தை கூடுதல்தான். ஆனால் அதில் பொய் இராது.