ஒதுங்கினார்களா, ஒதுக்கப்பட்டார்களா?

பிள்ளைகள் அறைக்குள் முடங்கிக் கிடப்பதற்குக் கைப்பேசியே காரணம் என்பது ஆசிரியர் கூட்டங்களிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் அலுக்காமல் வழங்கப்படும் தீர்ப்பு. குற்றவாளி ஒரு கருவி என்றாகிவிட்டால் மனிதர் எவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை அல்லவா!

இதற்குச் சான்றாக ஜப்பானைக் காட்டுவோர் உண்டு. ஆறு மாதங்களுக்கு மேல் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்போரை அங்கே 'ஹிகிகொமோரி' என்கிறார்கள். 15 முதல் 64 வயதுக்கு உட்பட்டோரில் ஏறத்தாழ 14.6 லட்சம் பேர் இந்நிலையில் இருப்பதாக அந்நாட்டு அரசு 2023இல் மதிப்பிட்டது. ஆனால், மனநல மருத்துவர் தமாகி சைத்தோ இதுகுறித்து நூல் எழுதியது 1998இல். திறன்பேசிகள் பரவுவதற்கு வெகுகாலம் முன்பு. பள்ளியில் சக மாணவர்களின் கொடுமை, வேலையிழப்பு போன்றவையே பலரை வீட்டுக்குள் தள்ளின. இணையம் அந்த அறைக்குள் பிறகுதான் நுழைந்தது.

நம் நாட்டிலோ, வெளியே நின்று அச்சுறுத்துவனவற்றுள் சாதியும் ஒன்று. நாங்குநேரியை நினைவுகூர்வோம். 2023இல் பன்னிரண்டாம் வகுப்பு பயின்ற தலித் மாணவர் ஒருவர் பள்ளிக்குச் செல்வதை நிறுத்தினார். பள்ளியிலிருந்து விசாரித்த பிறகே சக மாணவர்களின் சாதிக் கொடுமை வெளிப்பட்டது. அதைச் சொன்னதற்காக ஆகஸ்ட் 9ஆம் தேதி இரவு வீடு புகுந்து அவரை வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். அவர் பள்ளிக்குப் போகாதிருந்த நாட்களில் நம் நிபுணர்கள் எவரேனும் அவ்வீட்டுக்குச் சென்றிருந்தால், கைப்பேசியைக் கீழே வைக்கும்படிதான் அறிவுரை கூறியிருப்பார்கள்.

உயர்கல்வியிலும் கதை வேறல்ல. தில்லி எய்ம்ஸ் விடுதியில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் குறிப்பிட்ட தளங்களுக்குத் தள்ளப்பட்டதை சுகதேவ் தோராட் குழு 2007இலேயே பதிவு செய்தது. சாதியை மறைமுகமாக அறியும் வழியாக நுழைவுத்தேர்வுத் தரவரிசையைக் கேட்கக் கூடாது என்று மும்பை ஐ.ஐ.டி. தன் மாணவர்களுக்கு எழுத்தில் அறிவுறுத்தியது 2023இல்.

இணையம் புனிதமானது என்று வாதிட வரவில்லை. மணிக்கட்டில் கட்டிய சாதிக் கயிறு இன்று இன்ஸ்டாகிராம் ரீல்ஸாகவும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸாகவும் உருமாறியிருக்கிறது. வகுப்பறையில் தொடங்கிய வசை இரவிலும் பின்தொடர்கிறது. எனினும், விடுதி உணவு மேசையில் பேச்சுத்துணை அற்ற மாணவருக்கு அம்பேத்கரின் எழுத்துகளும், தொலைவில் வாழும் தோழர்களின் குரலும் கிடைப்பது அதே திரையில்தான். அதையும் பறித்துவிட்டு வெளியே வா என்றால், அவர் எங்கே வருவார்?

நாங்குநேரிக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, சாதிக் கயிறுகளுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி நீக்கம் எனப் பல பரிந்துரைகளை 2024இல் அரசிடம் அளித்தது. மாணவர் இயக்கங்கள் அவற்றோடு இன்னொன்றையும் கோர வேண்டும். வருகைப் பதிவேட்டில் ஒரு தலித் மாணவர் தொடர்ந்து காணாமற்போனால் காரணம் கேட்கப்பட வேண்டும்; அவர் சொல்லும் பதிலுக்காக அவர் தாக்கப்படாதிருக்கும் ஏற்பாடு அதற்கு முன்பே இருக்க வேண்டும். நாங்குநேரியில் கேள்வி கேட்கப்பட்டது. பாதுகாப்புதான் இல்லை.