முதல் மைப்பேனாவும் ரப்பர் நாட்டுத் தமிழரும்

பள்ளி இறுதித் தேர்வில் தேறிய பிள்ளைக்கும், முதன்முதலாகச் சம்பளம் வாங்கிய இளைஞருக்கும் ஒரு நல்ல மைப்பேனாவைப் பரிசாக அளிக்கும் வழக்கம் நம் குடும்பங்களில் இன்னும் முற்றிலும் மறைந்துவிடவில்லை என்பது மகிழ்ச்சிக்குரிய விஷயம். ஆயினும், பிரிக்பீல்ட்ஸிலோ, கிள்ளானின் தெங்கு கிளானா சாலையிலோ, கோலாலம்பூரின் பேரங்காடிகளிலோ அப்பரிசை வாங்கப் புகுவோரிற் பலர், பொன்முலாம் பூசிக் கனத்து மின்னும் பேனாவையே நாடுகின்றனர் என்பதும், அத்தகைய பேனா சில வாரங்களில் மேசை இழுப்பறைக்குள் ஒதுங்கிவிடுகிறது என்பதும் வருந்தத்தக்கவை. முதற்பேனாவை வாங்குவோர், அதன் உடல் எந்த வஸ்துவால் ஆனது என்பதையே முதலில் விசாரிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். மையைப் பின்னர் மாற்றிக்கொள்ளலாம். பல பேனாக்களில் நிப்பையும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் விரல்கள் நாள்தோறும் உணரும் கனமும் சூடும் வழவழப்பும் அந்த உடலோடு பிறந்தவை.

உலோகத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். பித்தளை, அதே கன அளவுள்ள அக்ரிலிக்கைக் காட்டிலும் ஏறக்குறைய 7 மடங்கு எடையுள்ளது. ஆகவே தகடு எத்துணை மெல்லியதாயினும் அப்பேனா கையில் கனக்கவே செய்யும். மூடியைப் பின்புறம் செருகி எழுதினாலோ பாரம் பின்னே சாய்ந்து, இரண்டு பக்கம் எழுதுமுன் மணிக்கட்டு சோர்ந்துவிடும். நம் நாட்டுப் புழுக்கத்தில் வியர்க்கும் விரல்கள் மெருகிட்ட கழுத்தில் வழுக்குவதும், நாளடைவில் பூச்சு தேய்ந்து உள்ளிருக்கும் உலோகம் தெரிவதும் இதனோடு சேர்ந்த சிரமங்கள். அலுமினியம் பித்தளையின் எடையில் மூன்றிலொரு பங்கே ஆதலால் ஓரளவு சௌகரியமானது. எனினும் கையெழுத்து இன்னும் நிலைபெறாத ஒருவருக்கு உலோகப் பேனா முதற்பேனாவாகத் தகுதியுடையதன்று.

பிளாஸ்டிக் என்றவுடன் முகம் சுளிப்போர் அதன் சரித்திரத்தை அறிந்தாரில்லை. 1941 இல் வெளிவந்து உலகப் புகழ் பெற்ற பார்க்கர் 51 பேனாவின் உடல் அக்ரிலிக்கே. 1966 இல் ஜெர்மனியின் லாமி நிறுவனம் வெளியிட்டு இன்றளவும் விற்பனையாகும் லாமி 2000 பேனாவின் உடல் பாலிகார்பனேட்டே. அதே நிறுவனம் 1980 இல் மாணவர்களை மனத்திற்கொண்டு கொணர்ந்த சஃபாரி, ஏபிஎஸ் எனப்படும் உறுதியான பிளாஸ்டிக்கால் ஆனது. அக்ரிலிக் கண்ணாடிபோல் ஒளிரும், நிறங்களை அழகுறக் காட்டும். ஆனால் சிமெண்டுத் தரையில் விழுந்தால் விரிசல் காண வாய்ப்புண்டு. பாலிகார்பனேட்டும் ஏபிஎஸ்ஸும் அடி தாங்குபவை. பழைய செல்லுலாயிடு பேனாக்களின் அழகு ஒப்பற்றதேயாயினும், அவை எளிதில் தீப்பற்றக் கூடியவை, வெயிலில் நிறுத்திய காரின் வெப்பத்தைத் தாங்காதவை. ஆதலின் சேகரிப்போருக்கன்றி, தொடக்க நிலையில் உள்ளோருக்கு அவை உரியனவல்ல.

இனி எபோனைட். மிருதுவான ரப்பரோடு 30 விழுக்காட்டையும் கடந்த அளவில் கந்தகத்தைச் சேர்த்து, மணிக்கணக்கில் வெப்பத்தில் வைத்தால், அது கருங்காலி மரம்போற் கறுத்து இறுகிவிடுகிறது. சார்லஸ் குட்இயர் 1839 இல் கண்ட, கந்தகம் சேர்த்து ரப்பரை உறுதியாக்கும் முறையை அவர் சகோதரர் நெல்சன் 1851 இல் இவ்வாறு மேலும் வளர்த்தார். வாட்டர்மேன் 1884 இல் தம் பேனாவுக்குக் காப்புரிமை பெற்ற காலந்தொட்டு, 1920களில் செல்லுலாயிடு வந்து புகும் வரையில், மேனாட்டு மைப்பேனாக்களிற் பெரும்பாலானவற்றின் உடல் எபோனைட்டே.

அந்த ரப்பரின் கதையில் நமக்கும் பங்குண்டு. 1876 இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குச் சென்ற விதைகளின் வழிவந்த 22 கன்றுகள் 1877 இல் சிங்கப்பூரை அடைந்தன. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சிலாங்கூரெங்கும் தோட்டங்கள் எழுந்தன. மலாயா உலகின் தலையாய ரப்பர் நாடாயிற்று. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, பினாங்கிலும் இன்றைய கிள்ளான் துறைமுகத்திலும் கரையிறங்கிய நம் முன்னோர், விடியுமுன் பால் மரம் வெட்டி, மங்கில் வடிந்த பாலை வாளியில் ஏந்திச் சுமந்தனர். அவர்களில் மிகப் பலருக்குப் பேனா பிடிக்கும் பாக்கியம் கிட்டவில்லை. தோட்டங்களில் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்த பின்னரும், அவர்தம் பிள்ளைகளுக்கு எழுத்து எளிதில் வாய்த்துவிடவில்லை. ஆதலால் எபோனைட் பேனாவை நம்மவர் அறியாதிருப்பது எனக்கு உண்மையாகவே மனவருத்தம் தருகிறது.

குணத்தாலும் அது உயர்ந்ததே. எடை குறைவு, தொட்டால் சில்லிடாது, மெருகு குறைத்துக் கடைந்தது வியர்த்த விரலிலும் வழுக்காது. உடலுக்குள் நேரே மை ஊற்றும் பேனாவில், மை குறையுந்தோறும் உள்ளே புகும் காற்று கைச்சூட்டால் விரிந்து மையை வெளித்தள்ளும் தோஷம் உண்டு. வெப்பத்தை எளிதில் கடத்தாத எபோனைட்டின் தடித்த சுவர் அதனைப் பெரிதும் தணிக்கிறது. சென்னையை அடுத்த திருவள்ளூரில் ரங்கா பேனாக்களும், ஆந்திரத்து ராஜமுந்திரியில் ரத்னம் பேனாக்களும் இன்றும் எபோனைட்டில் கையாற் கடையப்படுகின்றன. குறைகளும் உள: புதிதில் சிறிது கந்தக வாடை வீசும், வெயிலிலும் நீரிலும் நெடுநேரம் கிடந்தால் கறுப்பு வெளுத்துப் பழுப்பேறும். நிழலில் வைத்து, கழுவியவுடன் துடைத்துவிட்டால் பல்லாண்டு உழைக்கும்.

ஆகவே என் தீர்ப்பு இது: பள்ளி மாணவருக்கு ஏபிஎஸ் அல்லது பாலிகார்பனேட் பேனா, நாள்தோறும் எழுதும் வயது வந்தோருக்கு எபோனைட்; உலோகமோ, கை பழகிய பிறகே. சுழிகள் நிறைந்த நம் எழுத்துக்கு நுண்ணிய நிப்பே ஏற்றது. விலையைக் கேட்குமுன் கடையில் அமர்ந்து ஒரு பக்கமாவது தமிழில் எழுதிப் பாருங்கள்; கை நோகாத பேனாவுக்கு மட்டும் வெள்ளியைக் கொடுங்கள்.