மீன் உயிரோடுதானே இருக்கு சேர்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்பவர்களாவது கடைசிவரை வாசியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என்னிடம் படித்த ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். சில வருடம் கொழும்பில் வேலை செய்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். வரும்போது ஆசையாக ஒரு கடல் மீன் தொட்டியையும் கொண்டு வந்திருக்கிறார். தியலும கொட்டுகிற ஊரில் கடல் தண்ணீர்! லீற்றருக்கு 35 கிராம் வீதம் உப்புப் பொடி கலந்து அவரே தயாரிக்கிறார். செம்மஞ்சளில் வெள்ளைக் கோடு போட்ட இரண்டு மீன்கள். பார்க்க அழகுதான், மாஷா அல்லாஹ்.

செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனவன், சும்மா ஒரு விரலைத் தண்ணீரில் வைத்தேன். சுரீர் என்றது.

"கொஞ்சம் கரண்ட் அடிக்கும் சேர். மீன் உயிரோடுதானே இருக்கு, பயமில்ல" என்றார்.

இந்த ஒரு வசனத்துக்காகத்தான் இந்தப் பதிவு.

மின்கம்பியில் காகம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை? மின்னோட்டம் அதன் உடலுக்குள்ளால் வேறு எங்கும் போக வழியில்லை. தொட்டி மீனும் அப்படித்தான். கண்ணாடி மின்னைக் கடத்தாது. தண்ணீர் முழுக்க 230 வோல்ட் ஏறி நின்றாலும் மீன் பாட்டுக்கு நீந்தும். வெறுங்காலோடு சீமெந்துத் தரையில் நிற்கும் நீங்கள் கையை விடும்போதுதான் அந்த மின்னுக்கு நிலத்துக்குப் போக ஒரு பாதை கிடைக்கிறது. பாதை என்றால் உங்கள் கை, நெஞ்சு, கால். அன்று தரை காய்ந்திருந்ததால் எனக்குச் சுரீரோடு போயிற்று. அவருடைய ஐந்து வயது மகள்தான் தினமும் இரை போடுகிறாள். தண்ணீர் சிந்திய தரையில் நின்றுகொண்டு.

நன்னீர்த் தொட்டியிலும் இந்த ஆபத்து உண்டு. ஆனால் உப்புத் தண்ணீர் குழாய்த் தண்ணீரைவிட நூறு மடங்குக்கு மேலும் மின்னைக் கடத்தலாம். அதைவிடப் பொல்லாதது உப்புப் பூப்பது. தெறித்த துளி காய்ந்து பிளக்கில் வெள்ளையாகப் படிகிறது. நம்மூர்ப் பனிமூட்டத்தில் அந்த உப்பு ஈரத்தை உறிஞ்சி, மின்னைக் கடத்தத் தொடங்கும். கொழும்புக்காரர் தொட்டியைக் குளிராக்கப் பாடுபடுகிறார். நமக்கோ இராக்குளிருக்கு ஹீட்டர் வேண்டும். தண்ணீர் வற்றி ஹீட்டரின் கண்ணாடிக்குழாய் வெளியே தெரிந்தால் சூடேறும். அதன்மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் வெடிக்கும்.

டெஸ்டரைத் தண்ணீரில் வைத்தேன், எரிந்தது. ஒவ்வொரு பிளக்காகக் கழற்றச் சொன்னேன். ஹீட்டரைக் கழற்றியதும் அணைந்தது. எடுத்துப் பார்த்தால் தலைமயிர் போல ஒரு கீறல்.

சரி, ட்ரிப் சுவிட்ச் ஏன் விழவில்லை? மீட்டர் பெட்டியைத் திறந்தேன். டைரக்ட் செய்திருக்கிறார்கள்! இடி மழைக்கு அடிக்கடி விழுகிறது, தொல்லை என்று வயரிங் பாஸிடம் சொல்லி, அவரும் செய்து கொடுத்துவிட்டுக் காசும் வாங்கிப் போயிருக்கிறார்.

எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. ட்ரிப் சுவிட்ச் செய்யும் வேலை, போன மின்னோட்டம் அப்படியே திரும்பி வருகிறதா என்று கணக்குப் பார்ப்பது. 30 மில்லி அம்பியர் குறைந்தாலே கண நேரத்தில் துண்டிக்கும். சுமார் 10 மில்லி அம்பியரிலேயே விரல் இறுகிப் பிடித்ததை விட முடியாமல் போகலாம். பக்கத்தில் இருக்கும் 6, 10, 16 அம்பியர் சின்ன பிரேக்கர்கள் வயரைக் காப்பாற்றத்தான். ஒரு மனிதன் செத்தாலும் அவற்றுக்குத் தெரியாது. ட்ரிப் அடிக்கடி விழுந்தால் எங்கேயோ கசிகிறது என்று தேட வேண்டுமே தவிர, சொன்னவன் வாயைக் கட்டக் கூடாது.

"இரவில் விழுந்தால் பம்ப் நின்று மீன் செத்துவிடுமே?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். கரண்ட் போனால் தானாக ஓடும் பெட்டரி காற்றுப் பம்ப் விற்கிறார்கள், வாங்குங்கள். தொட்டிக்கு மட்டும் தனி ட்ரிப் போடலாம். மீனுக்குச் செலவழித்த காசோடு பார்த்தால் இது பெரிய செலவில்லை.

இன்னொரு பழக்கம். லயத்திலும் கண்டிருக்கிறேன், ரவுணில் மாடி வீட்டிலும் கண்டிருக்கிறேன். பேனா மூடியால் எர்த் ஓட்டையைக் குத்தித் திறந்து, இரண்டு முனை பிளக்கைச் செருகுவது. நமது நாட்டின் தரம் 13 அம்பியர் சதுர முனை பிளக். அந்த மூன்றாவது முனை அழகுக்கு வைத்ததல்ல. பக்கத்துக் காம்பராவிலிருந்து இழுத்த வயரில் எர்த்தே இருக்காது. ட்ரிப்பின் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். ஆனால் அது விழுந்தால் ட்ரிப் வேலை செய்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். வீட்டில் எர்த் இருக்கிறதா என்பதைத் தகுதியுள்ள ஒருவர் அளந்துதான் சொல்ல வேண்டும்.

ட்ரிப் இருந்தாலும் கையை விடுமுன் எல்லாப் பிளக்கையும் கழற்றுங்கள். வயர் பிளக்கைவிடத் தாழ்ந்து வளைந்து மேலே ஏறட்டும், வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். மல்டி பிளக்கைத் தொட்டிக்குக் கீழே வைக்காதீர்கள். யாருக்காவது அடித்தால் ஆளைத் தொடாமல் முதலில் மெயின் சுவிட்ச், பிறகு 1990.

தொட்டி விற்கும் கடைக்காரர்களிடமும் ஒரு கேள்வி. எந்த மீனுக்கு எந்த இரை என்று அரைமணி நேரம் விளக்குகிறீர்கள். "வீட்டில் ட்ரிப் வேலை செய்யுதா?" என்று கேட்க ஒரு நிமிடம் ஆகுமா? எங்கள் பக்கத்துக் குற்றமும் உண்டு. சாதாரண தரத்துக்கு வீட்டு மின்சுற்று படிப்பிக்கிறோம். இந்தத் தம்பிக்கும் அந்தப் பாடத்துக்கு நல்ல புள்ளிதான் கிடைத்திருக்கும்.

சனிக்கிழமை வேறொரு வயரிங்காரரோடு போகிறேன், இன்ஷா அல்லாஹ். அதுவரை ஹீட்டர் இல்லை. நேற்றிரவு போன் எடுத்தார். மகள் தன்னுடைய போர்வையைக் கொண்டுவந்து தொட்டியைச் சுற்றிவிட்டாளாம். நனையாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.