வாக்குறுதி போதாது, அளவீடு வேண்டும்

குரோம்பேட்டைக்கு அந்தப் பெயரைத் தந்ததே அங்கிருந்த குரோம் லெதர் கம்பெனிதான். இன்று தாம்பரம் மாநகராட்சிக்குள் இருக்கும் பல்லாவரம், பம்மல், நாகல்கேணி பகுதிகளில் தோல் பதனிடும் தொழில் நெடுங்காலமாக நடந்து வருகிறது. தோல் கழிவுநீர் கிணற்றை என்ன செய்யும் என்பதை அங்குள்ளவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

2003 மார்ச்சில் மத்திய அரசு, அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்களுடன் கலந்து பேசி ஒரு பொறுப்புச் சாசனத்தை வெளியிட்டது. சட்டம் கேட்பதற்கும் மேலாகத் தாமாகவே செய்வோம் என்பது அதன் சாரம். தோல் தொழிலும் அதில் அடக்கம். குரோமியத்தை மீட்க வேண்டும், ஒரு டன் தோலுக்கு 28 கன மீட்டருக்கு மேல் நீர் செலவாகக் கூடாது என்றெல்லாம் அதில் உண்டு. நல்ல நோக்கம்தான். ஆனால், நிறைவேற்றாவிட்டால் என்ன என்ற கேள்விக்கு, தாமாக முன்வந்த உடன்பாட்டில் பதில் இல்லை.

முன் அனுபவம் நமக்கு உண்டு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் மாநில அரசும் பத்தாண்டுகளுக்கும் மேலாக வற்புறுத்தின. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு மானியமும் தருவதாகச் சொன்னார்கள். பல தொழிற்சாலைகள் அசையவில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் தொழில் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதை அது சுட்டிக்காட்டியது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்றது. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. அதன் பிறகே வேகம் பிறந்தது.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். வழக்கமான சுத்திகரிப்பு குரோமியத்தையும் அழுகும் கழிவையும் குறைக்கும்; தோலைப் பதப்படுத்தப் போட்ட உப்பு நீரிலேயே தங்கிவிடும். தெளிவாகத் தெரியும் நீர் என்பதால் மட்டும் அது பயிருக்கு ஏற்றதாகிவிடாது.

எனவே உடன்பாடுகளை நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவற்றில் அளவு, காலக்கெடு, தவறினால் நடவடிக்கை, பொதுமக்கள் பார்க்கும்படியான ஆய்வு முடிவு ஆகிய நான்கும் இருக்க வேண்டும் என்கிறோம்.

நீங்கள் செய்ய வேண்டியதும் உண்டு. ஆண்டுதோறும் மழைக்கு முன்பும் பின்பும் கிணற்று நீரை வேளாண்மைத் துறை ஆய்வகத்தில் கொடுத்து, கார அமில நிலையையும் மின்கடத்தும் திறனையும் பாருங்கள். அறிக்கைகளைத் தேதிவாரியாகச் சேர்த்து வையுங்கள். உப்பு ஏறினால், ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் அந்தத் தாள்களுடன் பேசுங்கள். விரிவாக்க அலுவலர்கள் இதை ஊர்வாரியாகத் தொகுத்துத் தரலாம். வெறும் புகாரைத் தள்ளிவிடலாம். ஐந்தாண்டு அளவீட்டைத் தள்ளுவது கடினம்.