"எல்லாம் ரெண்டு ரெண்டு இருக்கு சார்!"

பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கம் கூட்டுறவு வங்கியோ நகைக்கடையோ மருத்துவமனையோ, சர்வர் ரேக்கைக் காட்டுகிறவர் பெருமையாகச் சொல்வது இதைத்தான்: "எல்லாம் ரெண்டு ரெண்டு இருக்கு சார், டேட்டா எங்கயும் போகாது." போகும்.

ஸ்டோரேஜ் நெட்வொர்க்கில் இரண்டு கண்ட்ரோலர், இரண்டு ஃபைபர் சுவிட்ச், சர்வருக்கு இரண்டு கேபிள் வைப்பது வீண் அல்ல. ஒரு சுவிட்ச் செத்தால் மறு வழியில் வேலை ஓடும். பல டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டும் ரெய்டு 6-இல் இரண்டு டிஸ்க் போனாலும் கவுண்டரில் பாஸ்புக் பதிவு நிற்காது. ஆனால் வேலை நிற்காமல் இருப்பது வேறு, டேட்டா பிழைத்திருப்பது வேறு. யாரோ தவறுதலாக ஒரு கணக்கு டேபிளை அழித்தால், எழுதுவதை அப்படியே மறு டிஸ்க்கிலும் எழுதும் மிரர் அந்த அழிப்பையும் உடனே விசுவாசமாக நகலெடுத்துவிடும்.

அந்த 'ரெண்டு'கூடப் பல இடங்களில் ரெண்டு இல்லை. ரேக்கின் பின்பக்கம் குனிந்து பாருங்கள். இரண்டு பவர் சப்ளை ஒயரும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில். அது ஒரே யூபிஎஸ்ஸில். துலா மழைக்காலத்தில் மத்தியானம் தாண்டினால் இடி இறங்குகிற ஊர் இது!

2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் கிளவுடில் ரேன்சம்வேர் புகுந்தது. ஆன்லைன் பேக்கப்பையும் சேர்த்தே பூட்டிவிட்டது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான அரசு மின்னஞ்சல்கள் போனது போனதுதான். சுமார் 5,000 முகவரிகள். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜோன் அரசு டேட்டா சென்டரில் யூபிஎஸ் பேட்டரியில் பிடித்த தீ, அரசு ஊழியர்களின் 858 டெராபைட் கோப்புகளைத் தின்றது. கொள்ளளவு பெரிது என்று வெளியே நகலே வைக்காமல் விட்டிருந்தார்கள். பெரிய அரசாங்கங்களுக்கே இந்தக் கதி.

வெளியே நகல் வைத்தால் செலவாகுமே என்பார்கள். இரண்டாவது கண்ட்ரோலருக்குக் கொடுக்கும் பணத்தோடு ஒப்பிட்டால், தினமும் கழற்றிக் கொண்டுபோய் வேறிடத்தில் பூட்டி வைக்கும் டிஸ்க்கோ டேப்போ சில்லறைக் காசு. களியக்காவிளை தாண்டினால் வேறு மாநிலம், வேறு மின்வாரியம். அங்கே கிளை வைத்திருக்கிறவர்கூட நகலை இங்கே சர்வர் இருக்கிற அதே அலமாரியில்தான் வைக்கிறார். நாகர்கோவில் வரை கொண்டுபோனால் இன்னும் நல்லது, இடிக்கு எல்லைக்கல் தெரியாது.

சர்வர் வைத்துத் தந்தவருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்கும் முன், போன மாதத்தில் ஏதாவது ஒரு நாளின் லெட்ஜரை அந்த வெளி நகலிலிருந்து ஒரு காலி கம்ப்யூட்டரில் மீட்டுக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை மணி நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ரேக்கிலேயே எடுத்த ஸ்னாப்ஷாட்டை அவர் காட்டினால், காசோலையைத் திரும்பப் பையில் போட்டுக்கொள்ளலாம்.