நீல அங்கிப் பள்ளிக்கூடம்

பகல் சாப்பாட்டு நேரம் வந்ததும் பாண்டு வாத்தியம் முழங்கத் தொடங்குகிறது. சுமார் 900 பிள்ளைகள், விடுதிவாரியாக அணிவகுத்து, சாப்பாட்டு மண்டபத்தை நோக்கி நடக்கிறார்கள். கணுக்கால் வரை தொங்கும் கருநீல அங்கி, இடுப்பில் தோல் வார், கழுத்தில் வெள்ளைப் பட்டி, காலில் பளிச்சென்ற மஞ்சள் காலுறை. ஏதோ சரித்திர நாடகம் நடக்கிறது போலும் என்றுதான் புதிதாகப் பார்ப்பவர் நினைப்பார்.

இங்கிலாந்தில் ஸஸெக்ஸ் ஜில்லாவில், ஹார்ஷம் என்ற ஊருக்கு அருகே இருக்கிறது இந்தப் பள்ளிக்கூடம். பெயர், கிரைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல். வைத்தியசாலை என்று எண்ணிவிட வேண்டாம். திக்கற்றவர்களுக்குச் சோறும் நிழலும் தரும் சத்திரம் என்பதே அந்தச் சொல்லுக்கு அந்நாளில் இருந்த பொருள். பிள்ளைகள் உடுத்துவது அந்தச் சத்திரத்தில் ஏழைக் குழந்தைகளுக்கு இலவசமாகக் கொடுத்த அங்கிதான். இன்றும் அது இலவசமே.

எட்டாம் ஹென்றி மடாலயங்களைக் கலைத்தபோது, அவற்றின் வாசலில் கஞ்சிக்கு நின்ற ஏழைகளும் தெருவில் விடப்பட்டார்கள். லண்டன் வீதிகளில் அநாதைக் குழந்தைகள் பெருகினர். ஹென்றியின் மகன் ஆறாம் எட்வர்டின் முன்னிலையில் பிஷப் ரிட்லி இதைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். இளம் அரசன் மனம் இளகினான். நகர மேயரும் வணிகர்களும் பணம் திரட்டினார்கள். நியூகேட் வீதியில் காலியாகக் கிடந்த மடாலயம் ஒன்றில் 1552 நவம்பரில் 380 குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள். மறு ஆண்டு ஜூனில் சாசனத்தில் கையெழுத்திட்ட அரசன், சில நாட்களிலேயே, பதினாறு வயது நிரம்பும் முன் இறந்தான். 1555-இல் ரிட்லியை மத விரோதி என்று உயிரோடு கொளுத்தினார்கள். சத்திரம் நிலைத்துவிட்டது.

நீலம் அக்காலத்தில் மலிவான சாயம். வேலைக்காரர்களும் தொழில் பழகும் பையன்களும் உடுத்தும் நிறம். அதனால்தான் தர்மப் பிள்ளைகளுக்கும் நீலம். மஞ்சள் காலுறையைக் கண்டால் எலி கடிக்காது என்பது பள்ளியில் வழங்கும் கதை. எலிகளைக் கேட்டால்தான் உண்மை தெரியும்!

ஏழைக்குத் தொடங்கியவை

இங்கிலாந்தின் புகழ்பெற்ற பள்ளிகள் பல ஏழைகளுக்காகத் தொடங்கப்பட்டவையே. 1382-இல் ஏற்பட்ட வின்செஸ்டரும் 1440-இல் ஏற்பட்ட ஈடனும் தலா 70 ஏழை மாணவர்களுக்கு இலவசக் கல்வி தரவே நிறுவப்பட்டன. ஹாரோ பள்ளியை 1572-இல் உண்டாக்கியவர் ஒரு குடியானவர். உள்ளூர்ப் பிள்ளைகள் படிக்கட்டும் என்பது அவர் எண்ணம். பிறகு நடந்தது உலகம் அறிந்தது. கட்டணம் செலுத்தும் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பெருகினார்கள். ‘ஏழைக்கு’ என்ற வார்த்தை சாசனத்தோடு நின்றுவிட்டது.

கிரைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டலுக்கும் அந்த ஆபத்து வந்தது. பெருந்தொகை நன்கொடை கொடுத்தவர் ஒரு பிள்ளையைச் சிபாரிசு செய்து சேர்க்கலாம் என்று ஒரு வழக்கம் இருந்தது. சிபாரிசு நுழைந்த இடத்தில் வசதியுள்ளவனும் நுழைவான் அல்லவா? 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைப் பற்றிப் பெரிய சர்ச்சையே எழுந்தது. ஆயினும் இப்பள்ளி அடியோடு தடம் புரளவில்லை. குடும்பத்தின் வருமானத்தைக் கணக்கிட்டுக் கட்டணம் விதிப்பது இங்கே இன்றும் உள்ள முறை. பெரும்பாலான பிள்ளைகள் முழுக் கட்டணம் செலுத்துவதில்லை. ஒரு சல்லிகூடச் செலுத்தாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். யார் எவ்வளவு கட்டினார் என்பது அங்கியைப் பார்த்தால் தெரியாது.

ஒரே அங்கி, வேறு பசி

ஆனால் அங்கி ஒன்றானால் எல்லாம் ஒன்றாகிவிடுமா? இதற்கு விடை சொன்னவர் இப்பள்ளியின் பழைய மாணவர் சார்லஸ் லாம்ப். ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமது சகோதரியுடன் சேர்ந்து கதைகளாக எழுதி, அந்தப் புத்தகத்தின் மூலம் இந்திய மாணவர்களுக்கும் அறிமுகமானவர். 1782-இல் அவர் பள்ளியில் சேர்ந்தார். அதே ஆண்டில், தந்தையை இழந்த கோலரிட்ஜ் என்ற சிறுவனும் தொலைவிலுள்ள டெவன் பிரதேசத்திலிருந்து வந்து சேர்ந்தான்.

லாம்பின் வீடு லண்டனிலேயே இருந்தது. விடுமுறை நாளில் வீட்டுக்குப் போகலாம்; பள்ளிக்கே அத்தை சுடச்சுடப் பலகாரம் கொண்டுவருவாள். கோலரிட்ஜுக்கு யாருமில்லை. விடுமுறை என்று வெளியே அனுப்பினால், போக இடமின்றித் தெருத்தெருவாகத் திரிவான். 1813-இல் பள்ளியைப் புகழ்ந்து ஒரு கட்டுரை எழுதிய லாம்ப், 1820-இல் மறுபடியும் எழுதினார். இம்முறை அந்த ஏழை நண்பனின் குரலில், தம் மீதே பொறாமைப்பட்டு எழுதினார்! மோசமான சாப்பாடு, மூத்த மாணவர்களின் அடக்குமுறை, ஓடிப்போன பையன்களை அடைத்துவைத்த இருட்டறை எல்லாம் அதில் வருகின்றன. பள்ளியை நேசித்த ஒருவர் எழுதியதால் அதற்கு மதிப்பு அதிகம்.

தலைமை ஆசிரியர் பாயர் பிரம்புக்குப் பெயர் போனவர். ஆயினும் வெற்று அலங்காரச் சொற்களை வெட்டி எறியக் கற்றுக்கொடுத்த குரு என்று கோலரிட்ஜ் பிற்காலத்தில் அவரைப் போற்றினார். நன்றாகப் படிப்பவர்களைக் ‘கிரேக்கர்’ என்ற மேல் வகுப்புக்கு உயர்த்தி, பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவார்கள். கோலரிட்ஜ் கிரேக்கர் ஆனார். லாம்புக்குத் திக்குவாய், அந்த வாசல் அடைபட்டது. 1792-இல் லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் குமாஸ்தாவாகச் சேர்ந்து, 33 ஆண்டுகள் கணக்கெழுதினார்.

மாலுமிகளை உருவாக்க 1673-இல் இரண்டாம் சார்லஸ் ஏற்படுத்திய கணிதப் பிரிவும் இங்கே இருந்தது. அதன் பாடத்திட்டம் பற்றி நியூட்டனிடமே யோசனை கேட்டார்கள். பெண் குழந்தைகள் தொடக்கம் முதலே சேர்க்கப்பட்டார்கள். ஆனால் பின்னர் அவர்களை ஹெர்ட்ஃபர்டு நகருக்கு அனுப்பிவிட்டு, பையன்களுக்கே பெரும் கவனம் கொடுத்தார்கள். பையன்கள் 1902-இல் ஹார்ஷமுக்குக் குடிபெயர்ந்தார்கள். இருபாலாரும் மறுபடி ஒரே இடத்தில் சேர்ந்தது 1985-இல்தான்.

தர்மம் பெறும் பிள்ளை வாய் திறந்து குறை சொல்வது எளிதல்ல. 1877-இல் தண்டனைக்கு அஞ்சிய 12 வயதுச் சிறுவன் ஒருவன் தன் உயிரை மாய்த்துக்கொண்ட பிறகே விசாரணை நடந்தது. 2018-இல், பல ஆண்டுகளுக்கு முன் மாணவர்களுக்கு இழைத்த கொடுமைகளுக்காக முன்னாள் ஆசிரியர்கள் சிலர் தண்டிக்கப்பட்டார்கள். அந்தப் பிள்ளைகள் எத்தனை காலம் மௌனமாக இருந்திருக்க வேண்டும்! சோறும் துணியும் கொடுத்த தர்மகர்த்தாக்கள் காதையும் கொடுத்திருக்க வேண்டும்.

பள்ளியின் முன் இன்றும் ஒரு சோதனை இருக்கிறது. 2025 ஜனவரி முதல் பிரிட்டனில் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 சதவீத வரி விதிக்கப்படுகிறது. இங்கிலாந்தில் தர்ம ஸ்தாபனப் பள்ளிகளுக்கு இருந்த கட்டட வரிச் சலுகையும் அதே ஆண்டு ஏப்ரலில் நீங்கியது. செல்வர் பள்ளிகளுக்கு அளித்த சலுகையை அரசு திரும்பப் பெறுவதில் நியாயம் உண்டு. ஆனால் எத்தனை ஏழைப் பிள்ளைகள் இலவசமாகப் படிக்கிறார்கள் என்று கணக்குப் பார்க்காமல், ஈடனையும் இப்பள்ளியையும் ஒரே தராசில் நிறுத்துவது என்ன நியாயம்? சுமை ஏறினால் முதலில் குறைவது இலவச இடங்களாகத்தான் இருக்கும்.

படிப்பு முடிந்து வெளியேறும் ஒவ்வொரு மாணவருக்கும் இங்கே ஒரு பைபிள் கொடுத்து, ஒரு கட்டளையும் வாசிக்கிறார்கள்: இங்கே பெற்ற நன்மையை மறவாமல், இயன்றபோது இன்னொரு பிள்ளைக்கும் அது கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். அதைக் கேட்டுச் சென்றவர்களில் ஒருவர் பார்ன்ஸ் வாலிஸ் என்ற பொறியியல் மேதை. இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மானிய அணைக்கட்டுகளைத் தகர்க்க, நீர்மேல் துள்ளிச் செல்லும் குண்டை அமைத்தவர். 1943 மே மாதம் அந்தக் குண்டுகளுடன் பறந்த 133 பேரில் 53 பேர் உயிரிழந்தார்கள். வாலிஸ் அந்த நஷ்டத்தைக் கடைசி வரை மறக்கவில்லை. யுத்தத்துக்குப் பின் 1951-இல் அவருடைய கண்டுபிடிப்புகளுக்காக அரசு அவருக்கு 10,000 பவுன் வழங்கியது. அத்தொகையை அவர் தம் பழைய பள்ளிக்கே கொடுத்து, விமானப் படையினரின் பிள்ளைகள் அங்கே நீல அங்கி அணிந்து படிக்க ஒரு நிதி ஏற்படுத்தினார்.