மணப்பெண்ணிடம் யார் கேட்டது?

டார்க் சோல்ஸ் 3 என்ற வீடியோ கேமில் ஒரு கல்யாணம் வருகிறது. அது நடக்கும் இடம் ஒரு கல்லறை. முகத்தைத் துணியால் மூடி, கல்மேடைமேல் மணப்பெண்ணைக் கிடத்தியிருக்கிறார்கள். அவள் அசைவதில்லை, பேசுவதில்லை. மணமகன் கையில் தாலி கிடையாது, ஒரு வாள் இருக்கிறது. அதை அவள் முகத்தில் இறக்கினால் சடங்கு முடிந்தது. மணமகன் வேறு யாருமில்லை, விளையாடுகிறவர்தான்.

2016ஆம் ஆண்டு வெளிவந்த விளையாட்டு இது. கல்லூரி விடுமுறைக்குக் கடலூர் மாவட்டத்து ஸ்ரீமுஷ்ணத்துக்கு வரும் பிள்ளைகளின் லேப்டாப்பில் இன்றும் ஓடுகிறது. பின்னால் நின்று அந்தக் காட்சியைப் பார்க்கும் பெரியவர்களிடம் இரண்டு விதமான பேச்சு எழுகிறது. இது பேய்க் கல்யாணம், வீட்டில் ஓடவே கூடாது என்பது ஒன்று. கூத்தாண்டவர் கோயிலில் நடப்பதும் இதுதானே, சாகப்போகிறவனுக்குத் தாலி கட்டிக்கொள்வதுதானே, புதிதாக என்ன இருக்கிறது என்பது மற்றொன்று. இரண்டாவது பேச்சு தவறு. அது ஒரு திருவிழாவையும், அதில் தாலி கட்டிக்கொள்ளும் மனிதர்களையும் கொச்சைப்படுத்துகிறது. முதல் பேச்சில் பாதி உண்மை உண்டு. ஆனால் பயப்பட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ பயப்படுகிறது. அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் கதை. ஜப்பானின் ஃபிரம் சாஃப்ட்வேர் நிறுவனம் ஹிடேடகா மியாசாகியின் இயக்கத்தில் உருவாக்கியது இந்த விளையாட்டு. உலகத்தைத் தாங்கும் நெருப்பு அணைந்துகொண்டிருக்கிறது. சாம்பலிலிருந்து எழுந்த ஒருவராக நாம் அலைகிறோம். லோண்டோர் என்ற நாட்டின் யாத்ரீகன் ஒருவன், யோயெல் என்று பெயர், வழியில் கிடைக்கிறான். உங்களுக்குச் சேவகம் செய்கிறேன், உங்களுக்குள் இருக்கும் வலிமையை வெளியே எடுத்துத் தருகிறேன் என்கிறான். இந்த விளையாட்டில் ஒரு படி பலம் கூடுவதற்குள் பலமுறை செத்துப் பிழைக்க வேண்டும். அவனோ ஐந்து படிகளை இலவசமாகத் தருகிறான். ஒவ்வொரு படிக்கும் நம் உடலில் ஓர் இருள் முத்திரை விழுகிறது. ஐந்தும் விழுந்தபின் அவன் இறந்துபோக, அவன் இடத்தில் யூரியா என்ற பெண் வந்து நிற்கிறாள். நம்மை அரசராக்க வந்திருப்பதாகவும், நமக்கு ஒரு துணையைப் பார்த்துவைத்திருப்பதாகவும் சொல்கிறாள்.

அந்தத் துணைதான் ஆன்ரி. நாம் ஆணாக விளையாடினால் ஆன்ரி பெண், பெண்ணாக விளையாடினால் ஆண். இங்கே பெண் என்றே எழுதுகிறேன். மனிதரைத் தின்னும் ஆல்ட்ரிச் என்ற மதகுருவின் பிடியிலிருந்து சிறுவயதில் தப்பித்தவள். தன்னோடு தப்பிய ஹோரஸ் என்ற பேசாத நண்பனோடு சேர்ந்து ஆல்ட்ரிச்சைக் கொல்லப் புறப்பட்டிருக்கிறாள். பாதையில் பலமுறை எதிர்ப்படுகிறாள்; மரியாதையாகப் பேசுகிறாள், நன்றி சொல்கிறாள், காணாமற்போன ஹோரஸைப் பார்த்தீர்களா என்று கேட்கிறாள். கல்யாணத்தைப் பற்றி அவள் வாயிலிருந்து ஒரு சொல்லும் வருவதில்லை. கடைசியாக அவள் ஒரு தேவாலயத்தில் தனியாக இருக்கும்போது, அங்குள்ள சிலைகளில் ஒன்று உண்மையில் சிலை இல்லை. உருமாறி நிற்கும் லோண்டோர் ஆள் அது. அதற்கடுத்து நாம் அவளைப் பார்ப்பது கல்லறையில், மூடிய முகத்தோடு. வாசலில் நிற்கும் யாத்ரீகன் வாளைக் கொடுத்துச் சடங்கை விளக்குகிறான். முடிந்ததும் மேலும் மூன்று முத்திரைகள், ஆக எட்டு. உலகத்தின் நெருப்பைத் தனக்கென்று பறித்துக்கொள்ளும் தகுதி அதில் வந்துவிடுகிறது.

இதில் எது நெஞ்சை உறைய வைக்கிறது? பிணமும் வாளும் கண்ணுக்குத் தெரிகின்றன, ஆகவே அவைதான் என்று தோன்றும். இந்த விளையாட்டு முழுக்கவே பிணமும் வாளும்தான். பத்து நிமிடத்தில் அவை பழகிவிடும். பழகாமல் உறுத்துவது வேறொன்று. யோயெலுக்குத் தெரியும், யூரியாவுக்குத் தெரியும், சிலையாக நின்றவனுக்குத் தெரியும், வாளை நீட்டியவனுக்குத் தெரியும். தெரியாதவள் ஆன்ரி ஒருத்திதான். கல்யாணத்துக்கு ஆள் சேர்த்தாயிற்று, இடம் பார்த்தாயிற்று, லாபம் யாருக்கு என்று கணக்கும் போட்டாயிற்று. அவளிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

இந்த அளவுகோலோடு கூத்தாண்டவர் கோயில் இருக்கும் கூவாகத்துக்குப் போவோம். ஸ்ரீமுஷ்ணத்துக்கு வடக்கே, இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்பேட்டைப் பக்கம் இருக்கும் ஊர். சித்திரை மாதத்தில் 18 நாள் திருவிழா. கூத்தாண்டவர் என்று அங்கே வணங்கப்படும் அரவான், அர்ச்சுனனுக்கும் நாககன்னி உலூபிக்கும் பிறந்தவன். பாரதப் போரில் வெல்ல 32 சாமுத்ரிகா லட்சணமும் பொருந்திய ஒருவனைக் களப்பலி கொடுக்க வேண்டும். பாண்டவர் பக்கம் அப்படி இருந்தவர்கள் கிருஷ்ணன், அர்ச்சுனன், அரவான் மூவர் மட்டுமே. அரவான் சம்மதித்தான். சாவதற்கு முன் ஒருநாளாவது மணவாழ்க்கை வேண்டும் என்றான். மறுநாளே தாலி அறுக்க எந்தப் பெண்ணும் முன்வராததால் கிருஷ்ணனே மோகினியாக வந்து மணந்துகொண்டான். இது நம் பக்கத்து மக்கள் சொல்லிவரும் கதை. கடலூர் தேவனாம்பட்டினத்திலும் சிதம்பரம் பக்கம் கொத்தட்டையிலும்கூட அரவானுக்கு விழா உண்டு.

திருநங்கைகள் மோகினியாகத் தங்களைக் கருதிப் பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்கிறார்கள். நேர்த்திக்கடனாகக் கட்டிக்கொள்ளும் ஆண்களும் இருக்கிறார்கள். மறுநாள் அரவானின் தேர் அழுகளம் என்ற இடத்துக்குப் போனதும் தாலி அறுபடுகிறது, வளையல் உடைகிறது, வெள்ளைப் புடவை ஏறுகிறது. ஒப்பாரி ஊரெல்லாம் கேட்கும். சாவு இந்தக் கல்யாணத்தின் நடுவில்தான் இருக்கிறது. ஆனால் பலியாகிறவனே கேட்ட கல்யாணம் இது. மணப்பெண் எல்லாம் தெரிந்து, தொலைதூர ஊர்களிலிருந்து பஸ் பிடித்து, தானே நடந்து வந்து கழுத்தை நீட்டுகிறாள். கல்யாணமே உனக்குக் கிடையாது என்று வீடும் ஊரும் சொல்லிவிட்ட ஒருத்தி, ஆயிரக்கணக்கானோர் பார்க்கத் தாலி வாங்கிக்கொள்ளும் இடம் அது. அழுகை உண்டு, ஏமாற்று இல்லை. இதையும் அந்தக் கல்லறைச் சடங்கையும் ஒன்றாகப் பேசுவது அநியாயம்.

விளையாட்டின் கல்யாணத்துக்கு உண்மையில் நெருங்கிய ஒன்று நம் வரலாற்றில் உண்டு. அதில் ரத்தம் சிந்தவில்லை என்பதால் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை: பொட்டுக்கட்டுதல். பருவமடையாத சிறுமியைக் கோயிலுக்குக் கூட்டிவந்து, தெய்வத்தின் முன்னால் அவள் கழுத்தில் பொட்டு கட்டினார்கள். மணமகன் இருக்க வேண்டிய இடத்தில் சிலசமயம் ஒரு கட்டாரியை வைத்தார்கள். கட்டாரிக் கல்யாணம் என்றே அதற்குப் பெயர். கடவுளுக்குச் சாவில்லை, ஆகவே இவள் என்றும் சுமங்கலி என்று கொண்டாடினார்கள். சடங்கின் வெளித்தோற்றத்தில் ஒரு குறையும் இருக்காது. பட்டு, மேளம், ஆரத்தி எல்லாம் உண்டு. நடுவில் நின்றது எட்டு வயதோ பத்து வயதோ ஆன ஒரு குழந்தை. தனக்கு இனி வேறு கல்யாணம் கிடையாது என்பதோ, வசதியான ஒருவர் பின்னாளில் தன்னை வைத்துக்கொள்வார் என்பதோ அவளுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அம்மாவுக்குத் தெரியும், பாட்டிக்குத் தெரியும், அர்ச்சகருக்குத் தெரியும், வரப்போகும் மைனருக்கும் தெரியும்.

இங்கே ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும். கோயிலோடு சேர்ந்து வாழ்ந்த பெண்கள் எல்லாக் காலத்திலும் இப்படி இருந்தார்கள் என்று எண்ணக்கூடாது. சோழர் காலக் கல்வெட்டுகளை ஆராய்ந்த லெஸ்லி ஓர், அந்தப் பெண்களைக் கடவுளின் மனைவியர் என்று அவை பேசவில்லை என்பதை எடுத்துக்காட்டியிருக்கிறார். நிலமும் பொன்னும் கொடையாகத் தந்த, கோயிலில் உரிமை பெற்றிருந்த பெண்களாகவே அவர்கள் அங்கே தெரிகிறார்கள். நமது இசையும் பரதமும் பிற்காலத் தேவதாசிக் குடும்பங்களிடம் பட்டிருக்கும் கடனும் பெரிது. 1920களின் இறுதியில் ஒழிப்புப் பேச்சு எழுந்தபோது அந்தக் குலத்துப் பெண்களிலேயே பலர் எதிர்த்து மனுக் கொடுத்தார்கள். எங்கள் சொத்தும் கலையும் போய்விடும் என்ற அவர்கள் அச்சம் பொய்யானதில்லை, அவர்களில் பலர் பிற்பாடு எல்லாவற்றையும் இழந்தார்கள். இவை எல்லாவற்றையும் ஒப்புக்கொண்ட பிறகும் அந்தக் குழந்தையிடம் யார் கேட்டது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

அதைக் கேட்டவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள் மட்டுமல்லர். சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் அமர்ந்த முதல் பெண்ணான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தாய் சந்திரம்மாள் அந்தக் குலத்தவர். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் அந்த வாழ்க்கையை உள்ளிருந்தே பார்த்தவர். கொள்ளிடத்துக்கு அந்தப்பக்கம், மயிலாடுதுறையை ஒட்டிய மூவலூர் அவர் பெயரிலேயே இருக்கிறது. 1936இல் அவர் எழுதிய ‘தாசிகள் மோசவலை’ நாவலின் தலைப்பே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1929இல் வந்த சட்டத் திருத்தம், மானிய நிலத்துக்காகக் கோயில் ஊழியத்தில் கட்டுண்டிருந்த நிலையை அவிழ்த்தது. பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் மசோதாவை 1930இல் கொண்டுவந்தார். அது சட்டமாவதற்கு 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது மாகாணத்தின் முதன்மை அமைச்சர், நம் தென்னாற்காட்டு ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார்.

அந்தச் சட்டத்தில் என்னை மிகவும் நிறுத்திவைத்த ஒன்று உண்டு. பொட்டுக் கட்டுகிறவரை மட்டும் அது பார்க்கவில்லை. சடங்கை நடத்துகிறவர், அதை அனுமதிக்கிறவர், அதில் பங்கெடுக்கிறவர், உடந்தையாக இருக்கிறவர் என எல்லோரையும் குற்றத்தின் வட்டத்துக்குள் கொண்டுவந்தது. இப்படிப்பட்ட கல்யாணம் ஒருவர் கையால் நடப்பதில்லை என்பதைச் சட்டம் எழுதியவர்கள் நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள். ஆளுக்கொரு சின்ன வேலை செய்வார்கள். ஒருவர் நாள் குறிப்பார், ஒருவர் இடம் தருவார், ஒருவர் வாளைக் கொண்டுவந்து நீட்டுவார். நான் என் வேலையை மட்டும்தான் செய்தேன் என்று ஒவ்வொருவராலும் சொல்ல முடியும்.

விளையாட்டை உருவாக்கியவர்களின் திறமையும் இங்கேதான் தெரிகிறது. முதன்முறை விளையாடுகிறவர் பெரும்பாலும் என்ன நடக்கிறது என்று புரியாமலே கல்லறை வரைக்கும் வந்துவிடுகிறார். இலவசமாகக் கிடைத்த பலத்தை வாங்கிக்கொண்டார், மரியாதையாகப் பேசியவர்களை நம்பினார், சொன்ன இடத்துக்குப் போனார். வாள் கைக்கு வந்த பிறகுதான் துணிக்கு அடியில் கிடப்பது யார் என்று தெரிகிறது. அப்போதும் திரும்பிப் போகலாம். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அரச பதவி வேண்டாம் என்று விட வேண்டும், அவ்வளவுதான். ஒரு சினிமாவால் இதைச் செய்ய முடியாது. அங்கே நாம் வேடிக்கை பார்க்கிறவர்கள். இங்கே பொத்தானை அழுத்துவது நம் விரல். அதனால் இந்த விளையாட்டை வீட்டைவிட்டு விரட்டச் சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. அமெரிக்கத் தர அமைப்பு இதை 17 வயதுக்கு மேல் என்றும் ஐரோப்பிய அமைப்பு 16க்கு மேல் என்றும் வகுத்திருக்கின்றன. சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். கல்லூரிப் பிள்ளை விளையாடினால் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பெண்ணுக்கு இது தெரியுமா என்று ஒரு கேள்வி கேளுங்கள். அவனுக்கே பதில் தெரியும்.

சரி, இதையெல்லாம் ஸ்ரீமுஷ்ணத்தில் உட்கார்ந்துகொண்டு ஏன் இவ்வளவு தூரம் பேச வேண்டும்? பொட்டுக்கட்டுதல் நம் பக்கத்தில் நின்றுபோனது. மாதம்மா என்ற அம்மனுக்குச் சிறுமிகளை நேர்ந்துவிடுவது தொடர்பாகத் தேசிய மனித உரிமை ஆணையம் 2017இல் தமிழ்நாடு, ஆந்திர அரசுகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஆனால் அது மாநிலத்தின் வடக்கு எல்லையில். நம் மாவட்டத்தில் நிற்காமல் இருப்பது குழந்தைத் திருமணம். பத்தாம் வகுப்பைப் பாதியில் நிறுத்தி, தாய்மாமனுக்கோ தூரத்து உறவிலோ, நல்ல வரன் போய்விடுமே என்று கட்டிக்கொடுப்பது. நிச்சயம் பேசும் திண்ணையில் பெரியவர்கள் அத்தனை பேர் இருப்பார்கள். பெண் உள்ளே காபி போட்டுக்கொண்டிருப்பாள்.

இதைப் பேய்க் கல்யாணம் என்று யாரும் சொல்வதில்லை. பந்தக்கால் நட்டு, பத்திரிகை அடித்து, உறவெல்லாம் மொய் எழுதி நடப்பதால் மங்கலமாகத் தெரிகிறது. முறையாக நடக்கிற கல்யாணத்துக்கும் இதே பந்தல்தான், இதே மேளம்தான். வெளித்தோற்றத்தை வைத்து வேறுபடுத்த முடியாது. அந்தப் பெண்ணின் வயதையும் வாயையும் வைத்துத்தான் முடியும். படிக்கணும் என்று ஒரு பெண் சொன்னால் அது அடம் என்று நம் வீடுகளில் எடுத்துக்கொள்கிறோம். அவளால் அதைவிடத் தெளிவாக மறுப்புச் சொல்ல முடியாது.

2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 1947 சட்டத்தின் அதே வழியில்தான் போகிறது. பெண்ணுக்கு 18 வயதும் ஆணுக்கு 21 வயதும் நிறைய வேண்டும். கல்யாணத்தை நடத்திவைப்பவருக்கும் அதற்குத் துணைபோகிறவருக்கும் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல் உண்டு, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. பெற்றோர் தப்ப முடியாது. தெரிந்தே போய்க் கலந்துகொள்வதும் குற்றத்தில் சேரும். ஆகவே மண்டபத்தை வாடகைக்கு விடுகிறவர் பெண்ணின் வயதுச் சான்றைக் கேட்டு வாங்கலாம். பத்திரிகை அச்சடிக்கும் அச்சகமும் கேட்கலாம். புரோகிதரும் மேளக்காரரும் கேட்கலாம். யாராவது கோபித்துக்கொள்வார்களே என்று தயங்குகிறவர்கள் 1098 என்ற எண்ணுக்குப் பேசலாம். அது குழந்தைகளுக்கான உதவி எண், கட்டணம் கிடையாது, எந்நேரமும் எடுப்பார்கள். பேசுகிறவர் தன் பெயரைச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. தாலி ஏறுவதற்கு முந்தின இரவில் சொன்னால்கூட நீதிமன்றத் தடை வாங்கி நிறுத்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது.